யார்டு பாண்டின் இரண்டாவது ட்ரம்பெட்

முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்த படகு யார்டின் பாண்டில் ராசு ஏழு மாதம் இரண்டாவது ட்ரம்பெட் வாசித்தார். அந்த ஏழு மாதமும் அவருடைய ட்ரம்பெட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வாசிக்கத் தெரியாதவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் வாசிக்கத் தெரியாமலே இரண்டு கோயில் திருவிழா, ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, நாலு செத்தவீடு என்று போய் வாசித்து, எல்லா இடத்திலும் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்த ஆள், தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று பிற்காலத்தில் அவரே சொல்லுவார்.

சுனாமியில் படகு இழந்தவர்களுக்குப் புதுப் படகு கட்டிக் கொடுக்கவென்று ஒரு வெளிநாட்டு நிறுவனம் அமைத்துக் கொடுத்த யார்டு அது. தென்னந்தோப்புக்குள் இரண்டு தகரக் கொட்டகை, மூன்று படகு அச்சு, பத்தொன்பது தொழிலாளர்கள். அச்சுக்குள் பைபர் இழை விரிப்பைப் பரப்பி, ரெசின் பசை பூசி, இறுகிய பிறகு படகாகக் கழற்றி எடுப்பது ராசுவின் வேலை. அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. 2006இல் யுத்தத்தால் வன்னிக்கு வரும் பாதை பூட்டப்பட்டதோடு ரெசின் வருவது நின்றது. கொட்டகையில் இருந்த பீப்பாய்களும் ஒவ்வொன்றாக வற்றின. 2008 தை மாதம் பிறந்தபோது பத்தொன்பது பேரும் பழைய படகுகளின் ஓட்டையை அடைத்துக்கொண்டு, மீதி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

யார்டின் முகாமையாளர் யோகலிங்கம் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஒருநாள் ஸ்டோரை ஒதுக்கப் போனவர், சுனாமி நிவாரணத்தோடு வந்து மூன்று வருடமாகத் திறக்கப்படாமல் கிடந்த இரண்டு மரப்பெட்டிகளை உடைத்தார். உள்ளே வைக்கோலுக்குள் பித்தளைக் குழல்கள், ஒரு கிளாரினெட், ஒரு பெரிய மேளம். கூடவே ஒரு கடிதமும் ஒரு படமும். குளிர் தேசம் ஒன்றின் கப்பல் கட்டும் தொழிலாளர்கள், கடலோரத்துப் படகு கட்டும் தொழிலாளர்களுக்குத் தங்கள் பழைய வாத்தியங்களை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். படத்தில் கோட்டுப் போட்ட முப்பது பேர் வாத்தியங்களோடு நின்றார்கள். தங்கள் நாட்டில் பெரிய யுத்தம் நடந்த காலத்தில் யார்டுத் தொழிலாளர்கள் தொடங்கிய பாண்ட் அது என்று கடிதத்தில் இருந்தது. ஸ்டோர்க்கீப்பர் சிவனேஸ்வரி அதை வாசித்து மொழிபெயர்க்க, யோகலிங்கம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எல்லாரையும் அச்சுக் கொட்டகையில் கூட்டினார்.

"அவங்களிட்ட யுத்தம் இருந்தது, யார்டு இருந்தது, வாத்தியம் இருந்தது. பாண்ட் தொடங்கினவங்கள்," என்றார். "எங்களிட்டயும் யுத்தம் இருக்கு, யார்டு இருக்கு, இப்ப வாத்தியமும் இருக்கு. வேறென்ன குறை?"

வாசிக்கத் தெரியாது என்பதுதான் குறை. அதை யாரும் எழுந்து சொல்லவில்லை. பாண்டில் சேராதவர்கள் யார்டைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்ட வேண்டிவரும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

உண்மையில் வாசிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். எஞ்சின் மெக்கானிக் தவராசா. இளவயதில் ஏதோ ஒரு பைலாப் பாட்டுக் குழுவில் கிளாரினெட் வாசித்தவர். பெயின்ட் அடிக்கும் சுகிர்தன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சக்காலம் ட்ரம்பெட் பிடித்திருந்தான். மற்றவர்களுக்கு யோகலிங்கம் ஆளின் தோற்றத்தைப் பார்த்து வாத்தியத்தைப் பிரித்துக் கொடுத்தார். ராசுவின் முறை வந்தது.

"ராசு, நீர் பெரிய மேளத்தைப் பிடியும். தப்பு மேளம் அடிக்கிறது உங்கட ஆக்களுக்கு ரத்தத்தில ஊறினதெல்லோ."

ராசுவின் குடும்பம் எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தது. அப்போது ராசுவுக்கு ஆறு வயது. அவருடைய அப்பா தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெயர் எழுதியவர். பிள்ளைகளைத் தவிர எதையும் அடித்தவர் இல்லை. யோகலிங்கம் கெட்ட மனிதரும் அல்ல. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அந்த நல்ல எண்ணந்தான் ராசுவுக்குச் சுருக்கென்றது.

"இல்லை ஐயா. எனக்கு மேளம் சரிவராது," என்றார் ராசு. "நான் ட்ரம்பெட்."

"ட்ரம்பெட் தெரியுமோ?"

"ஓம். கொஞ்சம்."

அந்தப் பதிலில் இருந்த ஒரே அடக்கம் 'கொஞ்சம்' என்ற சொல்தான். ட்ரம்பெட்டை எந்தப் பக்கத்தால் ஊதுவது என்று அவர் அறிந்தது, சுகிர்தன் அதை வாயில் வைத்ததைப் பார்த்த பிறகு. பெரிய மேளம் சிவனேஸ்வரிக்குப் போனது. அவா அதை மாவிடிக்கும் வேகத்தில் அடித்தா. ஆனாலும் நேரம் தவறாமல் அடித்தா. ராசு பார்த்துக்கொண்டு நின்றார். பேசாமல் மேளத்தையே வாங்கியிருக்கலாம் என்று அன்று மாலையே தோன்றியது. மானம் விடவில்லை.

"உதட்டை இறுக்கிப் பிடிச்சு, துடிக்க விட்டு ஊதும்," என்று தவராசா சொல்லிக் கொடுத்தார். ராசு இறுக்கினார், துடிக்க விட்டார், ஊதினார். சைக்கிள் டியூப்பில் காற்றுப் போவது போல ஒரு சீறல் மட்டும் வந்தது. தோப்பின் கடைசி மூலைக்குப் போய் இரண்டு கிழமை தனியாக ஊதிப் பார்த்தார். உதடு வீங்கியது. காது அடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

மூன்றாவது கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சுகிர்தனுக்குப் பக்கத்தில் நின்று அவன் விரல்களைக் கவனித்தார். தவராசா அமைத்துக் கொடுத்தது ஒரே ஒரு மெட்டு. விரைவாக வாசித்தால் கோயில் திருவிழாவுக்கு, மெதுவாக வாசித்தால் செத்தவீட்டுக்கு, நடுத்தரமாக வாசித்தால் விளையாட்டுப் போட்டிக்கு. விரல் அசைவு நாற்பத்திரண்டு. அதை ராசு பாடமாக்கினார். கன்னத்தை உப்ப வைத்தார், புருவத்தைத் தூக்கினார், மெட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் கண்ணை மூடி உடம்பைப் பின்னால் சாய்த்தார். சத்தத்தைச் சுகிர்தன் பார்த்துக்கொண்டான். சுகிர்தன் வாசிக்கும்போது முகத்தில் ஒரு அசைவும் இராது, பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி இருப்பான். ஆகவே பார்த்தவர்கள் எல்லாருக்கும் அந்த இசை ராசுவிடமிருந்து வருவதாகவே பட்டது.

ஒரு செத்தவீட்டில், இறந்தவரின் தங்கை தேடிவந்து ராசுவின் கையைப் பிடித்தாள். "அண்ணை, காலையில இருந்து எனக்கு அழுகையே வரேல்லை. நீங்கள் வாசிக்கேக்கதான் வந்தது," என்றாள். ராசுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுசோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இன்னும் மோசம். யார்டில் 'ஓம்' என்று கதைக்கும் ராசு வீட்டுக்கு வந்தால் தோட்டத்துப் பேச்சில் 'ஆமா' என்பார். அங்கே மனைவி அமராவதியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் அவள் ஒன்றும் கேட்கவில்லையே. பொருள் தட்டுப்பாட்டில் ஊரே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நாட்களில், தினம் காலையில் ஒரு முட்டையை அவித்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஊதுற ஆளு. நெஞ்சுக்கு பலம் வேணாமா?"

ராசு தலையைக் குனிந்துகொண்டு அந்த முட்டையைச் சாப்பிட்டார். உப்புப் போட்டுத்தான் சாப்பிட்டார்.

குண்டு போடும் கிபீர் விமானம் வரும் நாட்களில் பயிற்சி பாதியில் நிற்கும். எல்லாரும் வாத்தியத்தைக் கையோடு தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். ஒருநாள் பெரிய குழலான டியூபா வாசலில் போய்ச் சிக்கிக்கொண்டது. அதற்குப் பின்னால் நின்றவர் ராசு. விமானம் இரண்டு முறை சுற்றும்வரை அவர் டியூபாவின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு குந்தியிருந்தார். குண்டு வேறெங்கோ விழுந்தது. பித்தளைக்குள் தலை வைத்தால் உயிர் தப்பலாம் என்று எந்தப் புத்தியில் நினைத்தேன் என்று அவருக்கு இன்றும் விளங்கவில்லை. யோகலிங்கம் மறுநாளே பதுங்குகுழியின் வாசலை இரண்டடி அகலமாக்கச் சொன்னார்.

ஆவணி மாதம் யார்டுக்கு ஒரு நல்லகாலம் வந்தது. எல்லாப் பீப்பாய்களையும் கவிழ்த்து, வழித்து, சுரண்டி எடுத்த ரெசினில் ஒரு படகு கட்டி முடித்தார்கள். இரண்டு வருடத்தில் முதல் புதுப் படகு. சுனாமியில் படகையும் தம்பியையும் இழந்த மூக்கன் என்ற மீனவருக்கு அது கொடுக்கப்படவிருந்தது. யோகலிங்கம் பெரிய விழா வைத்தார். கடற்றொழிலாளர் சமாசத் தலைவருக்கு அழைப்பு, ஊருக்கெல்லாம் சொல்லல், படகு கடலில் இறங்கும் நேரத்தில் பாண்ட்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு சுகிர்தனுக்குக் கூகைக்கட்டு வந்தது. ராசு பார்க்கப் போனார். ட்ரம்பெட் ஊதாமலே அவனுக்கு இரண்டு கன்னமும் உப்பியிருந்தது. வாயைத் திறக்க முடியாமல், கையைக் காட்டி, 'இனி நீங்கள்தான்' என்று சைகை செய்தான்.

ராசு நேரே தவராசாவிடம் போனார். அவர் ஒரு பழைய எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார்.

"அண்ணை, ஒரு விசயம் சொல்லவேணும். எனக்கு ட்ரம்பெட் வாசிக்கத் தெரியாது."

தவராசா நிமிரவில்லை. "தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல் கிழமையே தெரியும். பக்கத்தில நிக்கிறவனுக்குக் கேக்காதோ?"

"அப்ப ஏன் அண்ணை ஒண்டும் சொல்லேல்லை?"

"எதுக்குச் சொல்ல? பாண்டில பிழை விடாத ஒரே ஆள் நீர்தான்," என்றார் தவராசா. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "யோசிக்காதையும். கிளாரினெட்டை நான் இழுத்து வாசிக்கிறன். நீர் வழமைபோல நில்லும்," என்றார்.

விழா அன்று கடற்கரையில் நல்ல கூட்டம். அமராவதி முன்வரிசையில் நின்றாள். படகு மணல் மேட்டில் பனங்குற்றி உருளைகளின்மேல் ஏறி நின்றது. பத்துப் பேர் அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சமாசத் தலைவர் தேங்காய் உடைத்தார். யோகலிங்கம் வெள்ளை வேட்டியோடு கையைத் தூக்கினார். பாண்ட் தொடங்கியது.

எதிர்க்காற்று. கிளாரினெட்டின் சத்தமும் மற்றக் குழல்களின் சத்தமும் பின்னால் தோப்புக்குள் போய்விட்டன. சிவனேஸ்வரியின் மேளந்தான் கேட்டது. கூட்டத்தின் கண் முழுக்க, கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்து நின்ற ராசுவின்மேல் இருந்தது. படகின் முன்முனையான அணியத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மூக்கன், காது கொஞ்சம் மந்தமென்பதால், உரத்த குரலில் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்:

"எனக்குத்தான் கேக்கேல்லையோ, அந்தாளின்ர குழலில சத்தமே இல்லையோ?"

ராசு கண்ணைத் திறந்தார். முன்வரிசையில் அமராவதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன வந்தாலும் வரட்டும் என்று உதட்டை இறுக்கி, ஏழு மாதத்து முட்டையின் பலத்தையெல்லாம் திரட்டி ஊதினார்.

வந்தது. மாடு கன்று போடும்போது கத்துவதற்கும் கப்பல் சங்குக்கும் இடைப்பட்ட ஒரு சத்தம். தொடங்கியதை அவருக்கு நிறுத்தவும் தெரியவில்லை.

அந்த நாட்களில் வன்னியில் புதுச் சத்தம் எதைக் கேட்டாலும் ஆட்கள் செய்வது ஒன்றுதான். கூட்டம் முழுக்கக் குப்புற விழுந்தது. சமாசத் தலைவர் விழுந்தார். யோகலிங்கம் வேட்டியோடு ஈரமணலில் முகம்புதைய விழுந்தார். சிவனேஸ்வரி மேளத்தோடு சரிந்தா, மேளம் அவாவின் மேலே. படகைப் பிடித்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் கையை விட்டுவிட்டுப் படுத்தார்கள். படகு உருளைகளின்மேல் தானாக நகர்ந்து, ஒருவரையும் இடிக்காமல், அழகாகக் கடலுக்குள் இறங்கி, மெல்ல மெல்லத் தூரம் போனது.

முழுக் கடற்கரையிலும் நிமிர்ந்து நின்றவர் ராசு ஒருவர்தான். ஓடிப்போய்ப் படகைப் பிடிக்கலாமென்றால் அவருக்கு நீச்சலும் தெரியாது. படகு கட்டுகிறவருக்கு நீச்சல் தெரியாது, ட்ரம்பெட் பிடிக்கிறவருக்கு ட்ரம்பெட் தெரியாது. அந்த நிமிடத்தில் தன்னைப் பற்றி முழுமையாக அறிந்துகொண்டதாக அவர் சொல்லுவார்.

முதலில் எழும்பியவர் மூக்கன். கடலில் பாய்ந்து நீந்திப்போய்ப் படகில் ஏறி, அதன் நடுவில் நின்றுகொண்டு கரையைப் பார்த்தார். அத்தனை சனமும் மண்ணில் கிடக்க, ஒரு மனிதர் மட்டும் பித்தளைக் குழலோடு நிற்பதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படகு ஆடும் அளவுக்குச் சிரித்தார். மணலில் கிடந்த சிவனேஸ்வரி தொடர்ந்தா. பிறகு ஒவ்வொருவராக எழும்பி இருந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். சிலருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அந்த வருடத்தில் அவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்து ராசு பார்த்ததில்லை. அதில் தன்னால் சேர முடியவில்லையே என்று நினைத்து அவர் ட்ரம்பெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

யோகலிங்கமும் சிரிக்கவில்லை. மூக்கில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டு, "ராசு, இது எந்த மெட்டு?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அமராவதி முன்னால் நடந்தாள். ஒழுங்கை திரும்பும் இடத்தில் நின்றாள்.

"ஏழு மாசமா முட்டை அவிச்சு குடுத்தேனே. இந்த ஒரு சத்தத்துக்கா?"

"ஆமா," என்றார் ராசு.

அடுத்த நாள் காலை யோகலிங்கத்தின் அறைக்குப் போய் ராசு எல்லாவற்றையும் சொன்னார். வாசிக்கத் தெரியாது என்றார். "அது நேற்று விளங்கிச்சுது," என்றார் யோகலிங்கம். அதற்குமேல் சொல்லாமல் வந்திருக்கலாம். ராசு சொன்னார்:

"அண்டைக்கு நீங்கள், தப்பு மேளம் எங்கட ஆக்களின்ர ரத்தத்தில ஊறினது எண்டு சொன்னீங்கள் ஐயா. அதாலதான் பொய் சொன்னனான்."

யோகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "நானோ? எப்ப சொன்னனான்?"

உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. ஏழு மாதமாகத் தான் சுமந்து திரிந்த சொல்லை, சொன்னவர் அன்றைக்கே இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று ராசுவுக்கு விளங்கியது. யோகலிங்கம் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, "சொல்லியிருப்பன்," என்றார். பிறகு, "சொல்லியிருக்கக் கூடாது," என்றார். ராசு வெளியே வந்தார்.

பாண்ட் அதற்குப் பிறகு கூடவில்லை. மார்கழியில் ஷெல் யார்டுக்குக் கிட்ட விழத் தொடங்கியது. வாத்தியங்களைப் பெரிய பதுங்குகுழிக்குள் இறக்கி மண் போட்டு மூடிவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார்கள். இரணைப்பாலையில் தண்ணீருக்கு நின்ற இடத்தில் ஷெல் விழுந்து தவராசா இறந்தார். புதைக்கும்போது பாண்டில் இருந்தவர்களில் ராசு மட்டுமே அங்கு நின்றார். ஒரு நல்ல வாத்தியக்காரனுக்கு வந்து சேர்ந்த துணையைப் பார் என்று நினைத்தார். அன்றைக்குத்தான், பாடமாக்கிய அந்த நாற்பத்திரண்டு அசைவையும் தன் விரல்கள் தானாகச் செய்வதைக் கவனித்தார்.

மாத்தளனில் கஞ்சி வரிசையில் ஒருநாள், முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் அண்டைக்கு ஊதின அண்ணையெல்லோ?" என்றாள். வரிசையில் இன்னும் இரண்டு பேருக்கு அது ஞாபகம் இருந்தது. தெரியாதவர்களுக்கு அவர்கள் கதையைச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல வரிசையில் ஒரு சலசலப்பு. ஒருவர், "அண்ணை, ஒருக்கா அந்தச் சத்தத்தைச் செய்யுங்கோ," என்றார். ராசுவிடம் ட்ரம்பெட் இல்லை. இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்து அந்த மாட்டுச் சத்தத்தைச் செய்தார். கோப்பையோடு நின்ற சனம் சிரித்தது. "இந்த நேரத்தில உங்களுக்கு விசரே?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் ஏசினார். ஏசியதும் நியாயந்தான். அதன் பிறகும் இரண்டு மூன்று இடத்தில் கேட்டார்கள், ராசு செய்தார். வாழ்க்கையில் அவரைக் கேட்டு, அவர் செய்த ஒரே கச்சேரி அதுதான்.

யுத்தம் முடிந்து, செட்டிக்குளம் அகதி முகாம், மீள்குடியேற்றம் எல்லாம் கடந்து, இப்போது ராசு புளியங்குளத்தில் ரோட்டோரமாக ஒரு சின்னக் கொட்டகை வைத்திருக்கிறார். வெடித்த தண்ணீர்த் தாங்கி, ஓட்டோவின் உடைந்த கூரை, பைபரில் எது உடைந்தாலும் ஒட்டிக் கொடுப்பார். ஐம்பத்து மூன்று வயது. போன பங்குனியில் யதுர்ஷிகா என்ற பிள்ளை அவரைத் தேடிவந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளாம். யுத்தகாலத்தில் வன்னியில் இருந்த தொழிலாளர் இசைக்குழுவைப் பற்றிச் சின்னக் கண்காட்சி ஒன்று வைக்கப்போகிறாளாம்.

"ஐயா, நீங்கள் அந்தக் குழுவில முக்கியமான ட்ரம்பெட் கலைஞர் எண்டு கேள்விப்பட்டனான்."

"எனக்கு வாசிக்கத் தெரியாது பிள்ளை."

"எல்லாப் பெரிய கலைஞர்களும் அப்பிடித்தான் சொல்லுவினம்," என்று அவள் எழுதிக்கொண்டாள்.

ராசு இரண்டு மணித்தியாலம் முழுக்கதையும் சொன்னார். அவள் சிரித்தாள், பதிவு செய்தாள், முடிவில் மல்லாவியில் இருக்கும் சிவனேஸ்வரிக்குப் போன் போட்டுச் சத்தமாக வைத்தாள். "ராசுவோ? அவர் ஊதினதுபோல இனி ஒருத்தரும் ஊத ஏலாது," என்றா சிவனேஸ்வரி. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதால் ராசு வாயைத் திறக்கவில்லை.

பிறகு யதுர்ஷிகா பெயர்களை எழுதத் தொடங்கினாள். "தவராசா ஐயாவின்ர முதலெழுத்து என்ன?"

ராசு யோசித்தார். சிவனேஸ்வரியும் போனில் யோசித்தா. பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்தவர்கள். ஒரே குழிக்குள் குந்தியிருந்தவர்கள். அவருடைய தகப்பன் பெயர் இருவருக்கும் தெரியவில்லை. அவர் எந்த ஊர் என்றும் தெரியவில்லை. எல்லாருக்கும் அவர் தவராசா அண்ணை.

"பரவாயில்லை ஐயா, பேரை மட்டும் போடுறன்."

"பொறுங்கோ பிள்ளை," என்றார் ராசு. "எனக்கு ஒரு கிழமை தாங்கோ."

பழைய ஆட்களுக்கெல்லாம் போன் எடுத்தார். யோகலிங்கம் கனடாவில், எடுக்கவில்லை. சுகிர்தன் வவுனியாவில் இருந்தான், அவனுக்கும் தெரியாது. கடைசியில் மூக்கன்தான், முன்பு தன் எஞ்சினைத் திருத்தக் கொடுத்தபோது கேட்ட ஞாபகத்தில், தருமபுரத்தில் தவராசாவுக்கு ஒரு தங்கை இருந்ததாகச் சொன்னார். ராசு பஸ் ஏறிப் போய் இரண்டு நாள் விசாரித்து, அந்தத் தங்கையைக் கண்டுபிடித்தார். அவா ஒரு பழைய அடையாள அட்டைப் பிரதியை எடுத்து வந்து காட்டினா. ராசு அதிலிருந்த முழுப்பெயரை ஒரு கடதாசியில் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினார். அந்த அம்மாவிடம், உங்கட அண்ணன் ஒருபோதும் பிழை விட்டதில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று பின்னேரம் யதுர்ஷிகாவுக்குப் போன் எடுத்தார்.

"எழுதுங்கோ பிள்ளை. ஆறுமுகம் தவராசா. கிளாரினெட். அதை முதலாவதாப் போடுங்கோ."

"சரி ஐயா. உங்களுக்கு ட்ரம்பெட் எண்டு போடட்டோ?"

"வேண்டாம். 'பாண்டில நிண்டவர்' எண்டு போடுங்கோ."

"அப்பிடியெல்லாம் போட ஏலாது ஐயா. பாக்கிற ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும்," என்றார் ராசு. கொட்டகை வாசலில் ஒரு ஓட்டோக்காரர் உடைந்த மட்கார்டோடு காத்து நின்றார். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "கொண்டாங்கோ தம்பி, எதில கொண்டுபோய் இடிச்சனீங்கள்?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்து போனார்.